20 வயது விமானத்தில் ஏறலாமா? திருச்சியில் இறக்கை உரசிய விமானம் சொல்லும் கதை

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புகிறவர்களுக்கு விமான நிலையம் இரண்டு. வடக்கே மீனம்பாக்கம், தெற்கே திருச்சி. விழுப்புரத்திலிருந்து இரண்டுமே ஏறக்குறைய ஒரே தூரம்தான். எந்தப் பக்கம் டிக்கெட் மலிவோ அந்தப் பக்கம் கார் திரும்பும். இத்தனை நாளும் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டுதான்: டிக்கெட் எவ்வளவு, லக்கேஜ் எத்தனை கிலோ? 2025 ஜூன் 12-ம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்த பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. "அது பழைய ஃபிளைட்டா?"

நியாயமான கேள்விதான். அரசுப் பேருந்துக் கழகத்தின் தலைமையகம் இருக்கிற விழுப்புரம் வட்டாரத்தில் வண்டியின் வயது பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் விதியே இருக்கிறது. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கே இந்தக் கெடு என்றால், 35,000 அடி உயரத்தில் போகிற விமானம் மட்டும் 20 வருஷம், 25 வருஷம் பறக்கலாமா?

பறக்கலாம். உலகம் முழுக்கப் பறக்கின்றன. அமெரிக்காவின் டெல்டா நிறுவனத்தில் 30 வயதைத் தொடும் போயிங் விமானங்கள் இன்னும் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. ஆனால் 'பழசு என்றால் பயமே இல்லை' என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரித்துப் பார்க்க நம்ம ஊர்ப் பக்கத்து விமானம் ஒன்றின் கதையே போதும்.

திருச்சியில் தப்பி, பாட்னாவில் விழுந்த விமானம்

1986 ஜனவரி 15. இந்தியன் ஏர்லைன்ஸின் போயிங் 737-200 விமானம் ஒன்று திருச்சியில் இறங்க வந்தது. பதிவு எண் விடி-ஈஜிடி. இறங்க அனுமதிக்கும் அளவுக்கு அன்று வானிலை இல்லை. இறங்காமல் மறுபடி மேலே ஏற முயன்றபோது விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இறக்கை ஓடுபாதையில் உரசியது. உள்ளே இருந்த 128 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. விமானத்துக்குத்தான் பலத்த சேதம். பழுது பார்த்தார்கள், மறுபடியும் பறக்க விட்டார்கள்.

அதே விமானம் அதற்குப் பிறகு 14 ஆண்டுகள் பறந்தது. 2000-ம் ஆண்டில் அது இந்தியன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான அலையன்ஸ் ஏர் கையில் இருந்தது. வயது 20. ஜூலை 17-ம் தேதி காலை கொல்கத்தாவிலிருந்து பாட்னா, லக்னோ வழியாக டெல்லி போகக் கிளம்பியது. பாட்னாவில் இறங்கும் முன்பே, ஓடுபாதைக்குச் சற்றுத் தொலைவில் உள்ள கர்தானிபாக் அரசுக் குடியிருப்பின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 58 பேரில் 55 பேரும், கீழே வீடுகளில் இருந்த 5 பேரும் இறந்தார்கள்.

விபத்துக்குப் பிறகு எழுந்த கூச்சல் வயதைப் பற்றித்தான். கிழட்டு விமானத்தை ஏன் ஓட்டினார்கள்? ஏற்கெனவே அடிபட்ட விமானமாமே? கேட்கத்தானே செய்வார்கள்.

விசாரணை நீதிமன்றம் சொன்ன காரணம் வேறு. விமானம் ஓடுபாதையை நெருங்கும்போது இருக்க வேண்டியதைவிட உயரத்தில் இருந்தது. உயரத்தைக் குறைப்பதற்காக விமானிகள் ஒரு வட்டம் அடிக்க அனுமதி கேட்டார்கள். இன்ஜின் விசை மிகக் குறைவாக இருக்க, வேகம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டது. மூக்கு மேலே தூக்கிய நிலையில் விமானத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேகமாகச் சாய்த்தார்கள். இறக்கையில் காற்றின் பிடி விடப்போகிறது என்று எச்சரிக்கும் அதிர்வு கட்டுப்பாட்டுத் தண்டில் வந்தது. அதற்கென்று உள்ள மீட்பு முறையைச் செய்யாமல், சாதாரணமாக மறுபடி மேலே ஏறும் முறையைச் செய்தார்கள். விமானம் பிடி இழந்து விழுந்தது. மனிதத் தவறு என்று முடிந்தது அறிக்கை. 20 வயதும் காரணமாகச் சொல்லப்படவில்லை, திருச்சியில் உரசிய இறக்கையும் காரணமாகச் சொல்லப்படவில்லை.

அப்படியானால் வயதுக்குச் சம்பந்தமே இல்லையா? இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த 737-200-ல் வேகம் குறைந்தால் தண்டு அதிரும், அவ்வளவுதான். மீதி விமானி கையில். இன்றைய ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்களில், எல்லாம் இயல்பாக வேலை செய்யும் வரை, அந்த அளவுக்கு வேகம் குறையவே கணினி விடாது. அதாவது பழைய விமானம் உடைந்து விழவில்லை. ஆனால் மனிதர் தவறு செய்யும்போது தடுத்துப் பிடிக்க அதனிடம் பின்னால் வந்த தொழில்நுட்பம் இல்லை. வயது என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, உலோகம் எவ்வளவு உழைத்திருக்கிறது என்பது. இன்னொன்று, எந்தக் காலத்து வடிவமைப்பு என்பது. நேற்று தயாரித்த விமானமானாலும் பழைய வடிவமைப்பு பழைய வடிவமைப்புதான்.

வருஷக் கணக்கு இல்லை, ஏறி இறங்கிய கணக்கு

உலோகத்தின் உழைப்பை விமானத் துறை வருஷத்தில் எண்ணுவதில்லை. ஒரு முறை மேலே ஏறி ஒரு முறை இறங்கினால் ஒரு சுற்று. அந்தச் சுற்றுகளைத்தான் எண்ணுகிறார்கள்.

காரணம் எளிமையானது. மேலே போகப் போக வெளியே காற்றழுத்தம் குறைகிறது. நாம் மூச்சுவிட வேண்டுமே என்று கேபினுக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். பலூன் மாதிரி விமானத்தின் உடல் மிக லேசாக உப்புகிறது. இறங்கும்போது மறுபடி பழைய நிலைக்கு வருகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் ஒடிந்துவிடும் இல்லையா? அந்த உலோகச் சோர்வு, ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும்போது, ரிவெட் அடித்த துளைகளின் ஓரத்தில் மயிரிழை விரிசலாகத் தொடங்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னை - பெங்களூரு மாதிரி குட்டிப் பயணங்களில் ஒரு நாளைக்கு ஆறு முறை ஏறி இறங்கும் விமானம் வருஷத்துக்குச் சுமார் 2,000 சுற்று முடித்துவிடும். 10 வருஷத்தில் 20,000. டெல்லியிலிருந்து அமெரிக்கா போய் வரும் பெரிய விமானம் ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுகூட முடிக்காது. வருஷத்துக்கு 700 என்று வைத்தாலும் 20 வருஷத்தில் 14,000 சுற்றைத் தாண்டாது. எது கிழடு, எது இளசு?

இந்தக் கணக்கை உலகத்துக்குப் புரிய வைத்தது 1988 ஏப்ரல் 28-ம் தேதி ஹவாய் தீவுகளில் நடந்த அலோஹா ஏர்லைன்ஸ் விபத்து. 24,000 அடி உயரத்தில் ஒரு போயிங் 737-ன் முன்பகுதிக் கூரை அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. பயணிகள் திறந்த வானத்தின் கீழே சீட் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். மற்ற எல்லோரோடும் விமானிகள் தரையிறக்கிவிட்டார்கள் என்பது இன்றும் நம்ப முடியாத விஷயம்.

அந்த விமானத்தின் வயது 19. வடிவமைத்தபோது 75,000 சுற்றுகள் என்று நினைத்திருந்தார்கள். அது முடித்திருந்தது 89,680. தீவுக்குத் தீவு தாவும் பயணம், சராசரியாக ஒரு பயணம் 24 நிமிடம். கூடவே கடல் உப்புக் காற்று. கூரைத் தகடுகளை ஒட்டியிருந்த இடங்களில் பிடிமானம் விட்டுப்போய், பக்கத்துப் பக்கத்து ரிவெட் துளைகளில் இருந்த சின்னச் சின்ன விரிசல்கள் ஒன்று சேர்ந்துவிட்டன. பராமரிப்பில் அதைக் கண்டுபிடிக்கத் தவறினார்கள் என்றது விசாரணை. முதிர்ந்த விமானங்களுக்கென்று தனி ஆய்வு விதிகளை அமெரிக்கா கொண்டு வந்தது அதன் பிறகுதான். இந்தந்த ரக விமானத்தின் கட்டமைப்பு இத்தனை சுற்று அல்லது இத்தனை மணி நேரம் வரைதான் செல்லும் என்ற எல்லையும் பின்னால் கட்டாயமானது.

மற்றபடி விமானத்தில் பல பாகங்கள் விமானத்தின் வயது இல்லை. இன்ஜினில் சுழலும் முக்கியத் தட்டுகளுக்குத் தனி ஆயுள் கணக்கு, சக்கரக் கால்களுக்குத் தனிக் கணக்கு. கெடு வந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். ஆறு முதல் பத்து, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய பராமரிப்பில் சீட், உள்சுவர், வயர் எல்லாம் பிரித்து, எலும்புக்கூடு தெரிய வைத்துப் பார்ப்பார்கள். வாரக் கணக்கில் நடக்கும், கோடிக் கணக்கில் செலவாகும். நம்ம ஊர் பஸ்ஸுக்கு எஃப்.சி எடுப்பதைப் பார்த்தவர்கள் அந்த மாதிரி பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தும் கதையாக இதை நினைக்க வேண்டாம்.

22 வருஷம் காத்திருந்த விரிசல்

பெரிய பயம் வேறிடத்தில் இருக்கிறது. தவறாகச் செய்த ஒரு பழுதுபார்ப்பு.

1980-ல் ஹாங்காங்கில் இறங்கும்போது சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்றின் வால்பகுதி தரையில் இடித்தது. கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுத்து மாற்றுவதற்குப் பதிலாக, மேலே இன்னொரு தகட்டை வைத்து மூடினார்கள். அதுவும் கையேடு சொன்ன அளவில் இல்லை. உள்ளே கீறல் அப்படியே இருந்தது. 22 ஆண்டுகள் கழித்து, 2002 மே 25-ம் தேதி தைவான் ஜலசந்தியின் மேல் விமானம் நடுவானில் சிதறியது. 225 பேர் இறந்தார்கள்.

ஜப்பானில் 1985 ஆகஸ்ட் 12-ம் தேதி 520 பேரைப் பலிகொண்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விபத்தும் இதே வகை. 1978-ல் வால் இடித்தது, பழுது பார்த்தது விமானத்தைத் தயாரித்த போயிங் நிறுவனமே, ரிவெட் வரிசையில் தவறு. அந்த விமானத்துக்கு வயது 11 மட்டும்தான். பாட்னா விமானத்துக்கும் திருச்சியில் அடிபட்ட வரலாறு உண்டு, ஆனால் அங்கே அந்தப் பழுது 14 ஆண்டு தாங்கியது. வித்தியாசம் வயதில் இல்லை.

அதனால்தான் விமானத் துறையில் காகிதத்துக்கு உலோகத்துக்குச் சமமான மதிப்பு. எந்தத் தேதியில், எந்தப் பாகத்தை, யார் கழற்றினார், யார் கையெழுத்துப் போட்டார் என்ற பதிவு தொடக்கத்திலிருந்து முழுமையாக இல்லாத விமானத்தை வாங்க ஆள் வராது. திருவெண்ணெய்நல்லூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. பெரியபுராணத்தில் சுந்தரரின் வழக்கு நடந்த ஊர். கையில் கொண்டுவந்த ஓலையை அவர் கிழித்துப் போட்டும், மூல ஓலை ஊரில் பத்திரமாக இருந்ததால், பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துச் சபை தீர்ப்புச் சொன்னது.

இந்தக் காகித விஷயத்தில் இப்போதும் சறுக்கல்கள் நடக்கின்றன. 2025 நவம்பரில் ஏர் இந்தியாவின் ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்று, பறக்கும் தகுதிக்கான மறுஆய்வுச் சான்று காலாவதியான பிறகும் எட்டு முறை பயணிகளோடு பறந்தது. நிறுவனமே இதை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ-விடம் தெரிவித்தது, விசாரணை நடந்தது. சான்று இல்லாததால் விமானம் விழுந்துவிடப் போவதில்லை. ஆனால் சான்று காலாவதியானதை ஒருத்தரும் கவனிக்கவில்லை என்றால், வேறு எதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்ற கேள்வி வருமா, வராதா?

புதுசு மட்டும் பத்திரமா?

இதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் விழுந்த லயன் ஏர் விமானம் நிறுவனத்தின் கைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2019 மார்ச்சில் விழுந்த எத்தியோப்பிய விமானத்துக்கு வயது நான்கு மாதம். இரண்டும் போயிங் 737 மேக்ஸ், மொத்தம் 346 உயிர். 2024 ஜனவரி 5-ம் தேதி நடுவானில் பக்கவாட்டுக் கதவடைப்பு பிய்த்துக்கொண்டு போன அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானமும் சில வாரங்களுக்கு முன் வாங்கியதுதான். நான்கு போல்ட்டுகள் மாட்டப்படவே இல்லை.

அகமதாபாத்தில் விழுந்த 787 ட்ரீம்லைனருக்கு வயது 11 சொச்சம். அந்த ரக விமானத்துக்கு அது நடுவயதுகூட இல்லை. ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கை, மேலெழும்பிய சில நொடிகளில் இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாக 'கட் ஆஃப்' நிலைக்கு மாறியதாகச் சொன்னது. ஏன் மாறின என்பதை அது சொல்லவில்லை. விமானத்தின் வயதைக் காரணமாகவும் சொல்லவில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும், சுமார் 27 வயது வரை விமானத்தின் வயதுக்கும் உயிர்ப்பலி விபத்துகளுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றுதான் முடித்தது. நல்ல பராமரிப்பும் கண்காணிப்பும் உள்ள இடங்களுக்கு இது பொருந்தும். பல பத்தாண்டுகளாகப் பொருளாதாரத் தடையில் இருக்கும் ஈரானில் பழைய விமானங்களுக்கு உதிரி பாகம் கிடைப்பதே போராட்டம். அங்கே வயது உண்மையிலேயே ஆபத்து. பழைய விமானம் பணம் கேட்கும். அதைக் கொடுக்க முடியாத இடத்தில்தான் அது சவப்பெட்டி ஆகிறது.

இந்தியாவில் என்ன விதி?

வெளிநாட்டிலிருந்து பழைய பயணிகள் விமானத்தைக் கொண்டுவந்தால் அதற்கு வயது வரம்பு உண்டு. முடித்த சுற்றுகளையும் பார்ப்பார்கள். ஆனால் ஏற்கெனவே இங்கே பறந்துகொண்டிருக்கும் விமானம் இத்தனை வயதில் ஓய்வு பெற வேண்டும் என்று உச்சவரம்பு கிடையாது. தயாரிப்பாளர் சொன்ன பராமரிப்பு நடந்தால் பறக்கலாம் என்பதுதான் அரசின் நிலை.

நடைமுறையில் இந்திய நிறுவனங்கள் பலவற்றின் விமானங்கள் இளசுதான். இண்டிகோ பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்து, பெரிய பராமரிப்புச் செலவு வரும் முன்னே திருப்பிக் கொடுத்துவிடும் முறையில் வளர்ந்த நிறுவனம். இது பாதுகாப்புக்காக எடுத்த முடிவு என்பதைவிடக் காசுக் கணக்கு என்பதே சரி. ஏர் இந்தியா கதை வேறு. 2022 ஜனவரியில் டாடா கைக்கு மாறியபோது பழைய பெரிய விமானங்கள் பல வந்தன. உடைந்த சீட், ஓடாத டிவி, கிழிந்த உறை என்று பயணிகள் போடும் வீடியோக்கள் அங்கிருந்துதான் வருகின்றன. உள்ளே இருப்பதை மாற்ற 40 கோடி டாலர் ஒதுக்குவதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

சீட் உடைந்திருந்தால் இன்ஜினும் உடைந்திருக்கும் என்று அர்த்தமில்லை. எது பழுதாக இருந்தால் பறக்கலாம், எது பழுதானால் பறக்கவே கூடாது என்று ஒவ்வொரு ரக விமானத்துக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஓடாத டிவியால் விமானம் நிற்காது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்தையே கவனிக்காதவர்கள் தெரியாத இடத்தை எப்படிக் கவனிப்பார்கள் என்று பயணி நினைத்தால், அதைத் தப்பென்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் சரிபார்க்க வேண்டியவர்கள் டிஜிசிஏ அதிகாரிகள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று கொடுத்த கணக்கைப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 1,063. நிரப்பப்பட்டவை 553. ஏறக்குறைய பாதி நாற்காலி காலி. விமானத்தின் வயதைப் பற்றி நடக்கும் விவாதத்தில் பத்தில் ஒரு பங்காவது இந்த எண்ணைப் பற்றி நடந்திருந்தால் நன்றாக இருக்கும்.

டிக்கெட் போடும் முன் என்ன பார்க்கலாம்?

ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலிகளில் விமான எண்ணைப் போட்டால் பதிவு எண் வரும், வயதும் பல நேரம் வரும். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றி அனுப்புவது சகஜம். அந்த எண்ணை நம்பி 3,000 ரூபாய் அதிகம் கொடுத்து வேறு டிக்கெட் போடுவதில் பெரிய லாபமில்லை. அந்த நிறுவனம் சம்பளம், குத்தகை, உதிரி பாகம் ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்கத் திணறுகிறது என்று செய்தி வந்தால், அதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

தொழில்நுட்பக் கோளாறு என்று விமானம் தாமதமானால் கோபம் வரும். ஆனால் கோளாறைத் தரையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதும் அதில் இருக்கிறது. 2024 அக்டோபர் 11-ம் தேதி மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் நினைவிருக்கும். 141 பேருடன் மேலே போனதும் ஹைட்ராலிக் கோளாறு. அந்த ரக விமானத்தில் எரிபொருளை வெளியே கொட்டும் வசதி கிடையாது. எடை குறைய வேண்டும் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் சுற்றி எரித்துவிட்டு, இரவு எட்டேகால் வாக்கில் பத்திரமாக இறங்கினார்கள். தமிழ்நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரம், ஒரு அமைப்பு போனால் தாங்க இன்னொரு அமைப்பு வைத்திருக்கிறார்கள் என்பதற்கு நேரடி ஒளிபரப்பு.

இன்னொன்றும் உண்டு. அலோஹா விமானத்தில் ஏறும்போதே, கதவுக்குப் பக்கத்தில் விமானத்தின் உடலில் ஒரு விரிசலை ஒரு பயணி பார்த்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகு விசாரணையில்தான் சொன்னார்.